வடக்கு நாற்காலியில் ஒரு ரோபோ

ஸ்ரீரங்கம்
2-2-2025

அன்புள்ள பார்ட்னருக்கு,

உன் பொங்கல் வாழ்த்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டிய விஷயம் கொஞ்சம் பெரிசு. அதில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது. நாற்பது வருஷத்துப் பாக்கியை வாட்ஸ்அப்பில் தீர்ப்பது மரியாதை இல்லை என்று பேனாவை எடுத்துவிட்டேன். மன்னிப்பு பின்னால் வரும். உடனே பக்கத்தைப் புரட்டாதே.

முதலில் வீட்டு நியூஸ். எனக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி மட்டும் எதிரி. வீட்டில் அவளுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது மூலைமுடுக்கில் இருக்கும் ஒட்டடையெல்லாம் அவளுக்குத் தெரிகிறது, பாடு எனக்கு. நம் பிரிட்ஜ் சீட்டாட்ட மேஜையின் கிழக்கு நாற்காலிக்காரன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. மேற்கு நாற்காலிக்காரன் மகன் வீட்டில் இருக்கிறான். கை நடுங்குகிறது, பதிமூன்று சீட்டை விசிறி மாதிரிப் பிடிக்க முடியவில்லை என்று போனில் அழுதான். நீ பெங்களூரில். ஆக, பொன்மலை இன்ஸ்டிடியூட்டின் அந்த மூலை மேஜையில் தெற்கு, அதாவது நான், மட்டும்தான் மிச்சம்.

தெற்கு என்ன செய்கிறது என்றால், தினமும் ராத்திரி சாப்பிட்டதும் டேப்லெட்டை எடுத்துவைத்துக்கொண்டு ரோபோக்களோடு பிரிட்ஜ் ஆடுகிறது.

சிரிக்காதே. கொரோனா காலத்தில், 2020-ல், பேரன்தான் போட்டுக் கொடுத்தான். பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் என்று ஒரு தளம், சுருக்கமாக பிபிஓ. 2001-லிருந்து இருக்கிறது, நமக்குத்தான் தெரியாமல் போயிற்று. பில் கேட்ஸும் வாரன் பஃபெட்டும் அங்கே வந்து ஆடுகிறவர்கள் என்று தெரிந்ததும் நானும் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நாலு மனிதர்கள் சேர்ந்தும் ஆடலாம். ஆனால் முகம் தெரியாத ஒருவன் எங்கிருந்தோ என் கையைப் பார்த்துவிட்டு “வாட் வாஸ் தட்?” என்று டைப் அடித்ததில் அன்றைக்குத் தூக்கம் போயிற்று. மறுநாளே ரோபோ பக்கம் ஒதுங்கிவிட்டேன்.

அதில் ஒரு பந்தயம் உண்டு. எட்டு ஆட்டம். மற்ற மூன்று நாற்காலியிலும் ரோபோ. அதே சீட்டுகளை உலகம் முழுக்கப் பலர் தனித்தனியாக ஆடுவார்கள், ஒவ்வொருவருக்கும் அதே மூன்று ரோபோக்கள். ஒரு நாளைக்குள் எப்போது வேண்டுமானாலும் ஆடலாம், நடுவில் எழுந்துபோய் மாத்திரை போட்டுக்கொண்டு வரலாம். கடைசியில் யார் எத்தனை சதவீதம் என்று பட்டியல் வரும். சீட்டு சரியில்லை என்ற சாக்கு அங்கே செல்லாது. எனக்கு வந்த குப்பைதான் எல்லோருக்கும் வந்திருக்கும். சில பந்தயங்களில் இன்னொரு சலுகையும் உண்டு: நாலு கைகளில் அதிகப் பாயின்ட் (பெரிய சீட்டுகளின் மதிப்பு) உள்ள கை எப்போதும் மனிதனுக்கே வரும். நாற்பது வருஷமாக என்னிடம் முகத்தைக் காட்டாத ஏஸ்களெல்லாம் இப்போது வரிசையில் நின்று வருகின்றன. அதிலேயே ஒரு நுணுக்கமும் இருக்கிறது. என் கையில் 14 என்றால் வேறு எவன் கையிலும் 14-க்கு மேல் கிடையாது என்று சீட்டை இறக்குவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இதை நான் கண்டுபிடிக்கவே ஆறு மாதம் ஆயிற்று. நீயாக இருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாய்.

மனிதன் உட்காருவது தெற்கில். அதனால் வடக்கில், உன் நாற்காலியில், ரோபோ.

முதல் ஒரு மாதம் அதைத் திட்டிக்கொண்டே ஆடினேன். வீட்டில் அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “யாரைத் திட்டுறீங்க?” என்றாள். “பார்ட்னரை” என்றேன். “அவருதான் பெங்களூர்ல இல்ல இருக்காரு, பாவம், இன்னும் விடலையா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த ரோபோவுக்கு ஜிஐபி என்று பெயர். ஒரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த மாத்யூ கின்ஸ்பர்க் என்ற கணினி விஞ்ஞானி 1990-களில் எழுதியது. 1998-ல் பிரான்ஸின் லீல் நகரத்தில் சீட்டை இறக்கும் திறமைக்கு மட்டும் ஒரு பந்தயம் வைத்தார்கள். உலகத்துக் கில்லாடிகள் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆடியதில் இது 12-ஆவதாக வந்திருக்கிறது. சாதாரண ஆள் இல்லை. ஆனால் இது யோசிக்கும் விதம் தெரிந்த பிறகுதான் எனக்கு அதன் மேலிருந்த கோபம் தணிந்தது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும்.

52 சீட்டை நாலு பேருக்குப் பகிர எத்தனை வழி தெரியுமா? கோடியைக் கோடியால் பெருக்கு, அதை மறுபடி கோடியால் பெருக்கு, இன்னொரு முறையும் பெருக்கு, அப்புறம் ஐந்தால் பெருக்கு, அதற்கும் மேலே. எல்லாவற்றையும் எந்த மெஷினும் பார்க்க முடியாது. ரோபோ என்ன செய்கிறது என்றால், தனக்குத் தெரியாத சீட்டுகளை, ஏலத்தில், அதாவது எத்தனை பிடி எடுப்போம் என்று மாறி மாறிச் சொல்வதில், கேட்டதற்குப் பொருந்துகிற மாதிரி, மனசுக்குள்ளேயே பல தடவை பகிர்ந்து பார்க்கிறது. ஒவ்வொரு தடவையும் நாலு கைகளையும் மேஜையில் விரித்து வைத்த மாதிரி வைத்துக்கொண்டு, எந்தச் சீட்டை இறக்கினால் எத்தனை பிடி கிடைக்கும் என்று கணக்குப் பண்ணுகிறது. எல்லாக் கணக்கையும் கூட்டி, சராசரியில் எது நல்லதோ அதை இறக்குகிறது.

கேட்கப் பிரமாதமாக இருக்கிறது இல்லையா? ஓட்டை எங்கே என்று பார். நாலு கையும் விரித்துக் கிடக்கிறதாக நினைத்துக் கணக்குப் பண்ணுவதால், எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று அது நம்புகிறது. போன வாரம் நடந்தது. நான் நாலு ஹார்ட்டில் டிக்ளேரர், அதாவது ஹார்ட் துருப்பாகப் பத்துப் பிடி எடுப்பதாக ஏலம் எடுத்து ஆடுகிறவன். கிளப்பில் ராணி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. என்னிடம் ஏஸ்-ஜாக், டம்மியில், அதாவது மேஜையில் விரித்து வைத்த பார்ட்னர் கையில், ராஜா-பத்து. எந்தப் பக்கமும் ஃபினஸ் எடுக்கலாம் (ராணி இந்தப் பக்கம் என்று ஊகித்து, அதைவிடச் சின்னச் சீட்டாலேயே பிடிக்கப் பார்ப்பது), தப்பான பக்கம் எடுத்தால் காலி. இந்த மாதிரி நேரத்தில் நம் கிழக்கு என்ன செய்வான்? கூரையைப் பார்ப்பான், பல் குத்துவான், ராணியை வைத்துக்கொண்டு ரெண்டாவது டீ சொல்வான். ரோபோ மேற்கு என்ன செய்தது தெரியுமா? கையில் ராணியை வைத்துக்கொண்டு அதுவே கிளப்பை இறக்கிற்று. இந்த ஆளுக்குத்தான் ராணி எங்கே என்று தெரியுமே, மறைத்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு! எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அதற்குத் தெரியாது. என்னை இவ்வளவு மதித்த எதிராளியை நான் பார்த்ததில்லை.

இதே காரணத்தால், எதைப் போட்டாலும் தோல்விதான் என்று கணக்கில் வந்துவிட்டால் கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறது. ராஜாவை வீணாக இறக்கும், உனக்கு வயிறு எரியும். நாம் அப்படியா? தோற்கிற கான்ட்ராக்டிலும் (ஏலத்தில் ஒப்புக்கொண்ட பிடிக் கணக்கு) எதிராளி தடுமாறுவானா என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சீட்டாக விடுவோம். ஏமாற்றி ஜெயிப்பது என்ற ஒரு கலையே அதற்குக் கிடையாது. அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை. நான் ஏலத்தில் பொய் சொன்னால் பார்ட்னர் ரோபோ, எதிராளி ரோபோ இரண்டும் சேர்ந்து நம்பிவிடும்.

பார்ட்னராக அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏலத்தில் ஒரு பிட், அதாவது கேட்பு, சொல்வதற்கு முன்னால் அதன் மேல் விரலை வைத்தால், அதற்கு அர்த்தம் என்ன என்று எழுத்தில் காட்டும்: இத்தனை பாயின்ட், இத்தனை ஸ்பேட், இது கட்டாயம், இது விருப்பம். முதல் தடவை அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் ‘அனுபவம்’ என்று நினைத்துக்கொண்டு நாற்பது வருஷம் சொன்ன பிட்டுகளில் பாதி, அந்த விளக்கத்தோடு ஒப்பிட்டால் சுத்தப் பொய். பதினோரு பாயின்டை வைத்துக்கொண்டு பதினாலு மாதிரி முழங்கியிருக்கிறேன். நீ எப்படித்தான் அதையெல்லாம் மனசில் கழித்துக்கொண்டு என்னைச் சரியான இடத்தில் நிறுத்தினாய்? ரோபோ கழிக்காது. இன்று நான் அளந்ததை நாளைக்கு ஞாபகம் வைத்திருக்காது. தினமும் புதுசாக என்னை நம்பும், தினமும் என்னோடு சேர்ந்து, சொன்ன பிடி எடுக்க முடியாமல், டவுன் ஆகும். எதிராளியின் கான்ட்ராக்டைத் தடுக்கும் டிஃபென்ஸில் நான் பெரிய சீட்டைப் போட்டு இந்த ஜாதியைத் தொடர்ந்து ஆடு என்று சிக்னல் கொடுத்தால், கோயில் யானைக்கு முன்னால் விசில் அடித்த மாதிரிதான். திரும்பிப் பார்ப்பதில்லை.

அதில் ஒரு நல்லதும் இருக்கிறது. 2015-ல் உலகத் தரத்தில் ஆடிய சில ஜோடிகள் சீட்டுப் பலகையை வைக்கும் கோணத்தையும் சீட்டை நேராகவோ படுக்கையாகவோ வைப்பதையும் சிக்னலாக வைத்துக்கொண்டு ஆடியதாகப் பெரிய ரகளை ஆயிற்று, வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்துப் பிடித்தார்கள். ரோபோவிடம் அந்தப் பேச்சே இல்லை. நீ நல்ல கை வந்தால் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொள்வாயே, மேற்கு அதைக் கவனித்துவிட்டு என்னிடம் ஒரு நாள் சொன்னான். “அவனுக்கு மூக்கு வழுக்கல்” என்று சாதித்துவிட்டேன். அதை நானும் கவனித்து வைத்திருந்தேன் என்பதை இப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். மன்னிப்பு இது இல்லை, இன்னும் வரவில்லை.

பேரன் கேட்கிறான்: “செஸ்ஸில் 1997-லேயே காஸ்பரோவை கம்ப்யூட்டர் ஜெயிச்சுடுச்சு, 2016-ல் ‘கோ’விலும் ஜெயிச்சாச்சு, உங்க பிரிட்ஜ் மட்டும் என்ன தாத்தா?” நான் சொன்னேன், அதிலெல்லாம் பலகை கண் முன்னால் கிடக்கிறது, இதில் முக்கால்வாசி மறைவு, போதாததற்கு ஒரு பார்ட்னர் வேறு. 2022 மார்ச்சில் பாரிஸில் நூக் என்ற புது ரக ஏஐ எட்டு உலகச் சாம்பியன்களோடு ஆடி, 80 செட்டில் 67-ல் ஜெயித்தது என்று பேப்பரில் வந்ததே, பார்த்தாயா? தலைப்பைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. உள்ளே படித்தால், ஏலமே கிடையாது. எல்லாம் துருப்பே இல்லாத மூன்று நோ-டிரம்ப். டிக்ளேரராக ஆடுவது மட்டும்தான். எதிரில் டிஃபென்ஸ் செய்தவையும் ரோபோக்கள். பாதி பிரிட்ஜ் கூட இல்லை. ஆனாலும் அந்தப் பாதியில் சாம்பியன்களை ஜெயித்தது ஜெயித்ததுதான், அதை மறைப்பதற்கில்லை. அதோடு தான் ஏன் இப்படி ஆடினேன் என்று மனிதருக்குப் புரிகிற மாதிரி அதனால் சொல்ல முடியும் என்கிறார்கள். நம் ஆட்களில் எத்தனை பேருக்கு அது முடியும்? எனக்கு முடியாது.

நம் ஊர்ப் பெருமையையும் சொல்லிவிட்டேன் அவனிடம். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வாங்கினார்களே. பர்தனுக்கு அப்போது 60 வயது. “அறுபது வயசுல தங்க மெடலா?” என்று பையன் ஒரு நிமிஷம் போனைக் கீழே வைத்தான். அதுவே பெரிய விஷயம்.

சரி, இப்போது மன்னிப்பு.

போகிக்குப் பரணை ஒழித்தேன். 1984 டைரிக்குள்ளே ஒரு சார்மினார் சிகரெட் அட்டை. உள்பக்கத்தில் உன் கையெழுத்தில் நாலு கைகள். மழை கொட்டிய அந்த ராத்திரி, ஆறு ஸ்பேட் (பன்னிரண்டு பிடி), ஒன் டவுன் (ஒன்று குறைந்து தோல்வி). ஞாபகம் வருகிறதா? நீ இதை எழுதி என் சட்டைப் பையில் திணித்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையிலேயே போனாய். இரண்டு மாதம் இன்ஸ்டிடியூட் பக்கமே வரவில்லை. நான் அந்த அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. டைரியில் செருகிவிட்டு மறந்துவிட்டேன்.

என் கை: ஸ்பேடில் ஏஸ், ராஜா, ஜாக், பத்து, எட்டு, நாலு. ஹார்ட் ஏஸ்-ஐந்து. டைமண்ட் ஏஸ்-ராணி-மூன்று. கிளப் ராஜா-ஆறு. உன் கை: ஸ்பேட் ராணி-ஒன்பது-ஐந்து, ஹார்ட் ராஜா-ஏழு, டைமண்டில் சில்லறை மூன்று, கிளப்பில் ஏஸோடு ஐந்து. ஒன்பதே பாயின்டை வைத்துக்கொண்டு ஆறுக்கு ஏற்றினாய். மேற்கு ஹார்ட் ராணியை இறக்கினான். நான் மடமடவென்று துருப்பை மூன்று சுற்று இழுத்துத் தீர்த்து, டைமண்ட் ஃபினஸ் எடுத்தேன். ராஜா மேற்கிடம். இன்னொரு டைமண்டும் போயிற்று. “ஒரு ஃபினஸ் மேல தொங்குற ஸ்லாமுக்கு யாராவது ஏத்துவானா?” என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அப்புறம் எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை ரயில் பெட்டியில் இதைச் சொல்லிச் சொல்லி உன்னைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன்!

இந்த தளத்தில், பழைய ஆட்டம் ஒன்றை நாமே சீட்டு சீட்டாக உள்ளே போடலாம். போட்டேன். அதில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஒவ்வொரு சீட்டின் மேலும், இதை இறக்கினால் கான்ட்ராக்ட் நிற்குமா விழுமா என்று காட்டும். முதல் பிடியில் நிற்கும் என்றது. நான் அன்று ஆடிய மாதிரியே துருப்பை இழுக்க இழுக்க, நிற்கும் என்றதெல்லாம் விழும் என்று மாறிப்போயிற்று. அது எல்லாச் சீட்டையும் பார்த்துவிட்டுச் சொல்லும் தீர்ப்புதான், கடவுள் பார்வை, நியாயமில்லை என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். சரி என்று ரோபோவை என் தெற்கு நாற்காலியில் உட்காரவைத்து, எதிராளி சீட்டைப் பார்க்காமல் ஆடவிட்டேன்.

அது டைமண்ட் பக்கமே போகவில்லை, பார்ட்னர். ஹார்ட்டை ஏஸில் எடுத்து, ராஜாவை டம்மியில் பத்திரமாக விட்டுவைத்தது. துருப்பு ஒரே ஒரு சுற்று. பிறகு கிளப் ராஜா, கிளப் ஏஸ். மூன்றாவது கிளப்பைக் கையில் வெட்டிற்று. ஹார்ட் ராஜாவுக்குப் போய், நாலாவதையும் வெட்டிற்று. கிழக்கிடம் இருந்த நாலு கிளப்பும் காலி. துருப்பை இன்னும் இரண்டு சுற்று இழுத்தது, மூன்றாவது சுற்று உன் ராணியில் போய் முடிகிற மாதிரி. அங்கே உன் ஐந்தாவது கிளப், வெறும் எட்டோ ஐந்தோ, ராஜா மாதிரி நின்றது. அதன் மேல் ஒரு டைமண்டைத் தள்ளிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு டைமண்டைக் கொடுத்தது. பன்னிரண்டு பிடி.

எதிராளிகளிடம் இருக்கும் ஆறு கிளப் 3-3 ஆகவோ 4-2 ஆகவோ பிரிந்தால் போதும். அது நூற்றுக்கு ஏறத்தாழ 84 தடவை நடக்கும். நான் எடுத்த ஃபினஸ் 50. நீ ஐந்து கிளப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏற்றினாய். நீ டம்மியை விரித்த நிமிஷம் நான் உன் முகத்தைப் பார்த்தேனே தவிர, உன் கிளப்பைப் பார்க்கவில்லை.

ஆறு சரியான பிட். ஆடத் தெரியாதவன் நான். போதுமா? உன் மகளிடமும் இதைப் படித்துக் காட்டு, அவள் கல்யாணத்திலும் இதே கதையை மைக் இல்லாமல் சொன்னவன்தான் நான்.

ரோபோ அந்த ஆட்டத்தை முடித்ததும் அடுத்த ஆட்டம் தயாரா என்று மட்டும் கேட்டது. யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் போனால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

அதனால் ஒரு யோசனை. தளத்தில் உனக்கு ஒரு பெயர் பதிந்துகொள், பேத்தி பண்ணித் தருவாள். இரண்டு ரோபோவை வாடகைக்கு எடுத்துக் கிழக்கிலும் மேற்கிலும் உட்காரவைக்கலாம். வாடகையை நான் கொடுக்கிறேன், அபராதமாக வைத்துக்கொள். நீ வடக்கு. ஒரு சிக்கல்: அவையெல்லாம் மேஜருக்கு (ஸ்பேடுக்கும் ஹார்ட்டுக்கும்) ஐந்து சீட்டு வேண்டும் என்கிற சிஸ்டம். நாம் நாலு சீட்டிலேயே திறந்து பழகியவர்கள். அவை அவற்றின் முறையில் ஆடட்டும், நாம் நம் பழைய முறையிலேயே ஆடுவோம். நடுவில் நான் பதினோரு பாயின்டைப் பதினாலு என்று சொல்வேன், நீ பார்த்துக் கழித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. மாத்திரை போட்டுக்கொண்டு வா. போனையும் ஸ்பீக்கரில் போட்டு வை, திட்டுவதற்கு வசதியாக.

உன்,
தெற்கு

பி.கு.: அட்டையை இதோடு வைத்திருக்கிறேன், ஓரம் கொஞ்சம் பூச்சி அரித்திருக்கிறது. பேத்தியிடம் கொடுத்து ஆட்டத்தை உள்ளே போடச் சொல்லும் முன்னால், நாலு கைகளுக்குக் கீழே நீ எனக்கு எழுதியிருக்கும் அந்த ஒரு வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள். அந்த வார்த்தைகளையெல்லாம் நாம் எங்கே கற்றோம் என்று எனக்கே ஞாபகம் இல்லை.